தறி நின்றதும் பாட்டு உடைந்தது

சாமளாபுரத்தில் கும்மி ஆடுகிற, ஆடுவதை ரெக்கார்டரில் பிடித்து வைக்கிற தம்பிகளுக்கும் அம்மிணிகளுக்கும்,

நீங்கள் கொடுத்தனுப்பிய பென் டிரைவ் வந்து சேர்ந்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்து முழுசும் கேட்டேன். வள்ளி கும்மி அரங்கேற்றம், ஒரே நாள் நிகழ்ச்சி, 47 ஃபைல். முதல் ஃபைல் மட்டும் 58 நிமிடம் ஓடுகிறது. அதற்குள் விநாயகர் துதியில் ஆரம்பித்து ஒன்பது பாட்டு, இடைவெளி இல்லாமல் ஒட்டிக் கிடக்கிறது. மீதி 46 ஃபைலும் வெட்டுத் துணி மூட்டை மாதிரி: ஒன்று பதினோரு நொடி, ஒன்று நாற்பது நொடி, ஒன்றில் வாத்தியார் தொண்டையைச் செருமுவது மட்டும். "பாட்டுப் பாட்டாப் பிரிக்கிற ஆப்ஷனைப் போட்டுத்தானுங்க்ணா வெச்சோம். மெஷின் கெட்டுப்போச்சுங்களா?" என்று போனில் கேட்டீர்கள்.

மெஷினுக்கு ஒன்றும் இல்லை. சொன்னதைத்தான் செய்திருக்கிறது. நீங்கள் சொன்னதும் அது புரிந்துகொண்டதும் வேறு வேறாகப் போய்விட்டது, அவ்வளவுதான்.

இதைப் போனிலேயே சொல்லி முடித்திருப்பேன். ஆனால் மங்கலம் பக்கத்திலிருந்து ஒரு குழு, கருமத்தம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குழு என்று இதே கேள்வியோடு ஆட்கள் வருகிறார்கள். ஊருக்கு ஊர் கும்மிக் குழு வந்துவிட்டது, குழுவுக்கு ஒரு கையடக்க ரெக்கார்டரும் வந்துவிட்டது. மேட்டுப்பாளையம் பக்கத்து வள்ளி ஒயில் கும்மி ஆசான் பத்திரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அவருக்கு வயது 87. ஆண்களே ஆடிவந்த ஆட்டத்தில் பெண்களைக் கொண்டுவந்தவர் என்று பேப்பரில் எல்லாம் போட்டார்கள். அதற்குப் பிறகு "எங்க வாத்தியார் பாட்டையும் பத்திரமா எடுத்து வெச்சுக்கணும்" என்ற எண்ணம் பலருக்கு வந்திருப்பதை நானே பார்க்கிறேன். நல்ல எண்ணம். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதுகிறவன் சோமனூரில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தவன். உங்கள் அப்பா அம்மாவில் சிலர் சிட்டையில் பாட்டு எழுதிக் கொடுத்து, வெற்று கேசட்டில் பதிந்து வாங்கிப் போயிருப்பார்கள்.

உங்கள் 47 ஃபைலுக்கு வருவோம். முதல் ஃபைலில் பாட்டெல்லாம் ஒட்டிக்கொண்டதும், பிறகு எல்லாம் உடைந்து சிதறியதும் இரண்டு கோளாறு இல்லை, ஒரே கோளாறு. உங்கள் ரெக்கார்டரில் நீங்கள் போட்ட வசதி என்ன செய்கிறது? உள்ளே வரும் சத்தம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கி, சில நொடி அங்கேயே இருந்தால், "பாட்டு முடிந்தது" என்று எடுத்துக்கொண்டு அந்த ஃபைலை மூடுகிறது. சத்தம் மறுபடி ஏறினால் புது ஃபைலைத் திறக்கிறது. அதற்குத் தெரிந்த இசை ஞானம் மொத்தமும் இதுதான்.

இப்போது அந்த ராத்திரியை நினைத்துப் பாருங்கள். ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கியது. மேடைக்கு எதிரே தறிக் கொட்டகை. சனிக்கிழமை, வாரத்தின் கடைசி ஷிப்ட், எட்டு மணிக்குத் தறியெல்லாம் நின்றது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் பதிவிலேயே கேட்கிறது. அத்தனை நேரம் அடியில் ஓடிய கடகடச் சத்தம் ஒவ்வொரு தறியாகக் குறைந்து கடைசியில் ஒரே ஒரு தறி மட்டும் ஓடி, அதுவும் நிற்கிறது. அளந்து பார்த்தேன். தறி ஓடும் வரை, யாருமே பாடாத இடத்தில்கூட சத்தம் மைனஸ் 30 டெசிபலுக்குக் கீழே இறங்கவில்லை. நின்றபின் அதே மாதிரி இடத்தில் மைனஸ் 48. நீங்கள் வைத்த வரம்பு மைனஸ் 40. ஆக, எட்டு மணி வரை மெஷினின் காதில் அமைதி என்பதே விழவில்லை, அது ஒரு பாட்டையும் முடிக்கவில்லை. எட்டு மணிக்கு மேல் வாத்தியார் மூச்சு வாங்கினால் பாட்டு முடிந்தது, மைக்கை விட்டுத் தலையைத் திருப்பினால் பாட்டு முடிந்தது.

தறியில் ஊடை அறுந்தால் தறியை நிறுத்த ஒரு சின்ன முள் ஏற்பாடு உண்டு. உங்களில் பாதிப் பேருக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும்போது ஊடை நூல் முள்ளில் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் தறி நின்றுவிடும். முள்ளுக்குத் துணி தெரியாது. நெய்வது வேட்டியா காடாவா, கரை வந்துவிட்டதா, எத்தனை மீட்டர் ஆனது, ஒன்றும் தெரியாது. நூல் இருக்கிறதா என்பது மட்டும் தெரியும். அந்த முள்ளை நம்பி யாராவது காடாவைப் பீஸ் பீஸாக வெட்டுவார்களா? அளந்து குறி போட்டுத்தானே வெட்டுகிறோம்?

(நம் ஊரில் தறியில் ஓடுவதும் நாடா, கேசட்டுக்குள் ஓடுவதும் நாடா. கடையில் ஒரு நாள் ஒருவர் வந்து "நாடா ஒண்ணு வேணும்" என்றார். நான் கேசட்டை எடுத்து நீட்ட, அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.)

சினிமாப் பாட்டுக்கு இந்த முள் ஓரளவு வேலை செய்யும். ஸ்டூடியோவில் பதிந்த பாட்டு, முடிந்தால் முடிந்தது, பிறகு சுத்தமான அமைதி. நாங்கள் கேசட்டில் பதியும்போது பாட்டுக்குப் பாட்டு நாலு நொடி வெற்றிடம் விடுவோம். நல்ல டெக்குகளில் அதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் சத்தமில்லாமல் நாலு நொடி நாடா ஓடி நிற்கும். ஏன் நாலு நொடி? அடுத்த பாட்டுக்குத் தாவும் வசதி இருந்த டெக்குகள், நாடாவை வேகமாக ஓட்டிக்கொண்டே அந்த அளவு வெற்றிடத்தைத்தான் தேடும். வெற்றிடம் சின்னதாக இருந்தால் தவறவிட்டு அடுத்த பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்குப் போய்விடும். அதிலும் ஏமாற்றம் உண்டு. இளையராஜா பாட்டில் வாத்தியங்கள் எல்லாம் சட்டென்று அடங்கி, ஒரு மூச்சு விட்டுப் பல்லவி மறுபடி வரும் இடங்கள் இருக்கும். கேட்கிறவனுக்கு அங்கே நெஞ்சு நிற்கும், டெக்கும் நிற்கும்: பாட்டு முடிந்ததென்று நினைத்து.

பிறகு மினிடிஸ்க் வந்தது. சோனி 1992-ல் கொண்டுவந்த சின்னத் தட்டு, 74 நிமிடம் பிடிக்கும். 1999-ல் சிங்கப்பூரிலிருந்து மச்சான் எனக்கு ஒரு கையடக்க ரெக்கார்டர் வாங்கி வந்தார். சிடியிலிருந்து ஒளியிழை வயர் போட்டுப் பதிந்தால் அது பாட்டுக்குப் பாட்டு பிசகாமல் பிரிக்கும். எனக்கு முதலில் மந்திரம் மாதிரி இருந்தது. விஷயம் எளிது: சிடியில் ஒலியோடு ஒலியாக "இது மூன்றாம் பாட்டு, இது நான்காம் பாட்டு" என்ற எண்ணும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. வயர் வழியே அந்த எண்ணும் வருகிறது, ரெக்கார்டர் எண் மாறும் இடத்தில் கோடு போடுகிறது. அதே ரெக்கார்டரில் சாதாரண ஆடியோ வயரைச் சொருகி எல்பி தட்டிலிருந்து பதிந்தேன். எல்பியில் பாட்டுக்கு நடுவே உள்ள பள்ளத்திலும் ஊசி சரசரவென்று உரசிக்கொண்டுதான் போகும். பாட்டெல்லாம் ஒட்டிக்கொண்டது. உங்கள் முதல் ஃபைல் மாதிரியேதான். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்: பாட்டு எங்கே பிரிகிறது என்பதை யாராவது முன்கூட்டியே குறித்துக் கொடுத்தால் மெஷின் அதைப் படிக்கும். குறி இல்லாவிட்டால் ஊகம்தான் செய்யும்.

இன்னொன்றும் அந்தத் தட்டில்தான் கற்றேன். மினிடிஸ்க்கில் எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை, நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகுதான் தட்டில் எழுதப்படும். ஒரு மாரியம்மன் பொங்கலுக்கு உடுக்கைப் பாட்டு ஒரு மணி நேரம் பதிந்தேன். முடிந்ததும் அவசரத்தில், அது எழுதி முடிக்கும் முன்பே பேட்டரியைக் கழற்றிவிட்டேன். பாட்டு தட்டில்தான் இருந்தது, அட்டவணை இல்லை. திறந்து பார்த்தால் வெற்றுத் தட்டு என்று காட்டியது. பாடியவர் அடுத்த பொங்கலுக்கு இல்லை. இப்போதுள்ள ரெக்கார்டர்களிலும் இதன் தம்பி ஒன்று உண்டு: நிறுத்தும்போதுதான் ஃபைலின் தலைப்பில் நீளத்தை எழுதி மூடும். திரையில் "எழுதுகிறது" என்று வரும்போது கார்டைப் பிடுங்காதீர்கள். மினிடிஸ்க் கதை முடிந்தேவிட்டது. வெற்றுத் தட்டு தயாரிப்பதைக்கூட சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திக்கொண்டது.

சினிமாப் பாட்டை விடுங்கள். கும்மியில் பாட்டு எங்கே முடிகிறது? நான் சொல்ல வந்ததே இதுதான். மெனுவில் வரம்பை மைனஸ் 40-லிருந்து 45-க்கு மாற்றலாமா, 50-க்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். எந்த எண்ணை வைத்தாலும் ஆகாது. கும்மியில் பாட்டு முடியும் இடத்தில் அமைதி இருக்காது, அமைதி இருக்கும் இடத்தில் பாட்டு முடிந்திருக்காது.

பாருங்கள். தினைப்புனம் காவல் பாட்டு முடிகிறது. முடியும்போது அடி வேகமெடுத்து, கைகொட்டு இரட்டித்து, ஒரு குலவையோடு நிற்கிறது. அந்தக் குலவை அடங்குவதற்குள் சனம் கத்துகிறது, சலங்கை கலகலக்கிறது, மைக்கில் ஒருவர் "குடிதண்ணி மேடைக்குப் பின்னால இருக்குதுங்க" என்று அறிவிக்கிறார். இங்கே பாட்டு முடிந்துவிட்டது. மெஷினுக்கு அமைதி கிடைக்கவில்லை. அடுத்து வாத்தியார் வேடன் வருகிற பாட்டுக்கு முன் ஒரு விருத்தம் இழுக்கிறார். தாளம் கிடையாது, ஆட்டம் கிடையாது, எல்லோரும் நின்று கேட்கிறார்கள். விருத்தம் முடிகிறது. இரண்டு மூன்று நொடி ஒரு நிசப்தம். அந்த நிசப்தம் நல்ல வாத்தியாருக்கு மட்டும் கைவரும். குழு காலைத் தூக்கிக் காத்திருக்கும். அப்புறம் முதல் அடி விழும். உங்கள் மெஷின் வெட்டியது எங்கே? அந்த நிசப்தத்தில். 12-ம் ஃபைலில் விருத்தம் அநாதையாக நிற்கிறது, 13-ம் ஃபைலில் பாட்டு தலையில்லாமல் ஆரம்பிக்கிறது. விருத்தம் அடுத்த பாட்டின் சொத்து. அதைப் பிரிக்கிற கத்தி எதுவானாலும் எனக்குப் பிடிக்காது.

இன்னும் மோசம் குழுப் பாடல். நீங்கள் மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து வயர் எடுத்து ரெக்கார்டருக்குக் கொடுத்திருக்கிறீர்கள். சத்தம் தெளிவாக வரும் என்று செய்தது, புரிகிறது. ஆனால் மிக்ஸருக்குள் வருவது மைக் முன்னால் இருப்பவர் குரல் மட்டும்தானே? வாத்தியார் அடி எடுத்துக் கொடுக்கிறார், அது முழுசாக வருகிறது. அதை வாங்கிப் பாடுவது களத்தில் நிற்கும் நூறு பேர். அவர்களுக்கு ஏது மைக்? நேரில் கேட்டவர்களுக்கு அந்த நூறு குரலும் நூறு ஜோடிக் கையும்தான் கும்மியே. மிக்ஸருக்கு அது தூரத்து முணுமுணுப்பு. ஆகவே வாத்தியார் பாடினால் பாட்டு, குழு பாடினால் அமைதி என்று எடுத்துக்கொண்டு மெஷின் அடிக்கு அடி வெட்டியிருக்கிறது. 22-லிருந்து 38 வரை உள்ள ஃபைல்களை வரிசையாகக் கேளுங்கள். ஒருவர் மட்டும் தனியாக நின்று யாரிடமோ கேள்வி கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும், பதிலே வராது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. மிக்ஸர் வயரை இடது பக்கத்துக்கு மட்டும் கொடுங்கள். களத்தின் ஓரத்தில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு மைக்கை ஆட்டத்தை நோக்கி வைத்து அதை வலது பக்கத்துக்குக் கொடுங்கள். இடதில் வாத்தியார், வலதில் குழுவும் பறையும் சலங்கையும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்று வீட்டில் வந்து சாவகாசமாகத் தீர்மானிக்கலாம். இதுவும் ஒரு வகைப் பிரிப்புதான். குரலைத் தனியே, தாளத்தைத் தனியே பிரித்துத் தரும் மென்பொருள்களைப் பற்றியும் ஒரு தம்பி கேட்டிருந்தார். டீசர் நிறுவனம் 2019-ல் ஸ்ப்ளீட்டர் என்று ஒன்றை இலவசமாகவே விட்டது, அதற்குப் பிறகு இன்னும் நல்லவை வந்திருக்கின்றன. நான் ஓட்டிப் பார்த்தேன். சினிமாப் பாட்டில் நன்றாகவே பிரிக்கிறது. கும்மியில் கைகொட்டோடு சேர்ந்து விழும் எழுத்துகளையும் தாளத்துக் கணக்கில் தூக்கிப் போட்டுவிடுகிறது. வாத்தியார் பல் கட்டிக்கொண்டு பாடுவது மாதிரி ஆகிவிட்டது. களத்தில் ஒரு மைக்கைச் சேர்த்து வைக்கும் செலவு இதைவிட லாபம்.

தானாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் அணைத்து வையுங்கள். அது என்ன செய்யும் என்றால், சத்தம் குறைந்த இடத்தில் "ஐயோ கேட்கவில்லையே" என்று ஏற்றும், விருத்தத்துக்குப் பின்னால் வரும் அந்த நிசப்தத்தில் ஃபேன் சத்தத்தையும் கரண்ட் ஹம்மிங்கையும் இழுத்து மேலே கொண்டுவரும். பிறகு முதல் அடி ஓங்கி விழுந்ததும் பதறிப்போய் அமுக்கும். முதல் சொல் நசுங்கும். கையாலேயே அளவு வைத்துக்கொள்ளுங்கள்: உச்சத்தில் மைனஸ் 12-ஐத் தொட்டால் போதும், குலவைக்கு இடம் இருக்கும்.

மார்கழியில் எடுத்தது என்று ஓர் அம்மிணி தனியாக ஒரு கார்டு கொடுத்திருந்தார். அதில் வேறு தினுசு. ஆப்ஷன் எதுவும் போடவில்லை, ஆனாலும் சரியாக 62-ம் நிமிடத்தில் பாட்டின் நடு வரியில் ஃபைல் முடிந்து புது ஃபைல் தொடங்குகிறது. "பேய் வெட்டுன மாதிரி இருக்குதுங்க்ணா" என்று சொன்னாராம். பேயில்லை கண்ணு, கணக்கு. நீ வைத்திருந்தது 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ. ஒரு நொடிக்கு 96,000 மாதிரி, ஒவ்வொன்றும் 3 பைட், இரண்டு பக்கம்: நொடிக்கு 5,76,000 பைட். பல ரெக்கார்டர்கள் ஒரு ஃபைல் 2 ஜிபி ஆனதும் அதை மூடி அடுத்ததைத் திறக்கும்படி செய்யப்பட்டிருக்கின்றன. வகுத்துப் பார், 62 நிமிடம் 8 நொடி வரும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் என்று வைத்தால் அதே 2 ஜிபிக்கு 3 மணி 22 நிமிடம் கிடைக்கும். கும்மிக்கு நான் 48-ம் 24-ம் வைப்பேன். 2 மணி 4 நிமிடம் ஓடும். அதற்குள் எப்படியும் தண்ணீர் குடிக்க ஓர் இடைவேளை விடுவார்கள், அப்போது நிறுத்தி மறுபடி தொடங்கிக்கொள்ளலாம். வெட்டுப்பட்ட அந்த இரண்டு ஃபைலையும் பற்றிக் கவலை வேண்டாம். வேவ் ஃபைல்தான் என்பதால் கம்ப்யூட்டரில் முனைக்கு முனை ஒட்டினால் போதும், பொதுவாக ஒரு மாதிரிகூட விட்டுப்போயிருக்காது. எம்பி3-யில் எடுத்திருந்தால்தான் சிரமம். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட கட்டுகளாகத்தான் வைக்கும், முனையில் கட்டு நிறையாவிட்டால் வெற்று ஒலியைப் போட்டு நிரப்பும். ஒட்டும்போது அந்த இடத்தில் பொசுக்கென்று ஒரு சின்ன ஓட்டை கேட்கும். ஆக, பதிவது எப்போதும் வேவ், அடுத்தவருக்கு அனுப்பும்போது வேண்டுமானால் எம்பி3.

சரி, அடுத்த அரங்கேற்றத்துக்கு என்ன செய்வது? தானாகப் பிரிக்கிற ஆப்ஷனை அணைத்துவிடுங்கள். ஆட்டம் தொடங்கக் கால்மணி நேரம் முன்பே ஓடவிட்டு, எல்லாம் முடிந்து சாமி கும்பிட்டுப் பந்தல் காலியாகும்வரை ஓடட்டும். பக்கத்தில் ஒருவர் ஒரு நோட்டோடு உட்காரட்டும். ரெக்கார்டர் திரையில் ஓடும் நேரத்தைப் பார்த்து, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரி: விருத்தம் தொடங்கிய நேரம், முதல் அடி விழுந்த நேரம், பாட்டின் பெயர், அடி எடுத்துக் கொடுத்தவர் யார். பெரும்பாலான ரெக்கார்டர்களில் ஓடும்போதே குறி வைக்கும் பொத்தான் உண்டு. அதையும் தட்டலாம், ஆனால் நோட்டை விட்டுவிடாதீர்கள். பொத்தான் எண்ணை மட்டும்தான் தரும். பெயரை நோட்டுத்தான் சொல்லும்.

மறுநாள் கம்ப்யூட்டரில் ஆடாசிட்டி என்ற மென்பொருளில் திறந்து, ஓடவிட்டுக்கொண்டே பாட்டு தொடங்கும் இடத்தில் கன்ட்ரோல் எம் தட்டினால் ஒரு குறி விழும். காது கேட்டுக் கை தட்டுவதற்குள் கால் நொடி தாண்டியிருக்கும், பிறகு பெரிதாக்கிப் பார்த்துக் குறியைச் சற்று இடப்பக்கம் நகர்த்துங்கள். எவ்வளவு நகர்த்துவது? விருத்தத்துக்கு முன் வாத்தியார் மூச்சிழுப்பது கேட்கும். அந்த மூச்சுக்கு முன்னால். மூச்சை வெட்டினால் பாடுகிறவர் தண்ணீருக்கடியிலிருந்து திடீரென்று எழுந்து பாடுவது போல இருக்கும். எல்லாக் குறிக்கும் பெயரிட்டு, குறிப்படி பல ஃபைலாக ஏற்றுமதி செய்யச் சொன்னால் பத்து நிமிடத்தில் தனித்தனிப் பாட்டாகக் கொட்டிவிடும். பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். 1, 2 என்று மட்டும் போட்டால் சில கார் பிளேயர்களில் 1-க்கு அடுத்து 10 பாடும். வள்ளி பிறந்தவுடன் கல்யாணம் ஆகிவிடும்.

வெட்டி முடித்ததும் அந்த முழுப் பதிவை அழித்துவிடாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். "பாட்டெல்லாம் தனியா எடுத்தாச்சு, இது எதுக்குங்க்ணா, கார்டு நிறைஞ்சுருச்சு" என்று உங்களில் ஒருவர் சொன்னார். 1965-ல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து தங்கியிருந்த பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர், அண்ணன்மார் கதையை டேப் ரெக்கார்டரில் பிடித்தார். ராத்திரி ராத்திரியாக ஊர் சனத்துக்கு முன்னால் உடுக்கையடித்துப் பாடிய கதை. பொன்னரும் சங்கரும் நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? ஆனாலும் அந்த ராத்திரிகள் இன்று மிஞ்சியிருப்பது அவர் ஓடவிட்ட நாடாவில்தான். அதே பாடகரைப் பிறகு கூட்டம் இல்லாமல் தனியே சொல்லவைத்து, ஒருவர் எழுதிக்கொண்டதும் உண்டு. இரண்டையும் அவர் ஒப்பிட்டார். சனத்துக்கு முன் பாடியதும் தனியே சொன்னதும் ஒரே கதையாக இருந்தும் ஒன்றாக இல்லை. 1982-ல் அவர் அதைப் புத்தகமாக்கினார். 1992-ல் தமிழ் மூலமே ஆங்கிலத்தோடு சென்னை ஆசியவியல் நிறுவனம் வழியாக அச்சில் வந்தது. உடுக்கைப் பாட்டில் பாட்டும் வசனமும் மாறி மாறி வரும். அன்றைக்கு அவர் நாடாவை மிச்சம் பிடிக்கப் பாட்டை மட்டும் ஓடவிட்டு வசனத்துக்கு நிறுத்தியிருந்தால், நமக்குக் கிடைத்திருப்பது பாதிக் கதை. அவர் காலத்தில் ரீல் விலை என்ன, சுமந்து வந்த மெஷின் எடை என்ன! உங்கள் கார்டு சுண்டுவிரல் நகமளவு.

என் கடையிலும் அந்தத் தப்பைத்தான் செய்தேன். 90 நிமிட கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம்தான். கும்மியைப் பதியப் போனால், பாட்டுக்கு நடுவே வாத்தியார் பேச ஆரம்பித்ததும் நாடா வீணாகிறதே என்று பாஸ் பொத்தானை அழுத்திவிடுவேன். பாட்டு தொடங்கியதும் எடுப்பேன். அதனால் என்னிடம் உள்ள பழைய கேசட்டுகளில் பாட்டு இருக்கிறது, இந்த மெட்டை யாரிடம் கற்றேன் என்று வாத்தியார் சொன்னது இல்லை. முதல் அடியில் முதல் எழுத்தும் இல்லை. விரல் எடுக்கத் தாமதமான அளவு போயிருக்கிறது. அமைதியைப் பார்த்து வெட்டுகிற உங்கள் மெஷின் செய்ததைத்தான் நானும் விரலால் செய்திருக்கிறேன்.

இப்போதைக்கு உங்கள் 47 ஃபைலை நானே வரிசையாக ஒட்டிப் பார்த்தேன். முதல் ஃபைலின் ஒன்பது பாட்டும் அழகாகப் பிரிந்துவிட்டன. தறிச் சத்தம் அடியில் இருக்கிறது, இருக்கட்டும், சாமளாபுரத்துப் பதிவென்று தெரியும். மீதி 46-ல், துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே மெஷின் பதியாமல் விட்ட நொடிகள் போனது போனதுதான். ரெக்கார்டரில் முன்பதிவு வசதி இருந்தது, சத்தம் ஏறுவதற்கு இரண்டு நொடி முன்னாலிருந்தே எடுக்கும், அதைப் போட்டிருந்தால் பாட்டுகளின் தலையாவது தப்பியிருக்கும். ஏழு பாட்டு ஓரளவு தேறும். யானை வருகிற பாட்டு தேறாது, அதை வாத்தியாரை உட்காரவைத்து மறுபடி பாடவைத்துத்தான் எடுக்க வேண்டும். அவருக்கு இருமல் குறைந்ததும் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். 31-ம் ஃபைல், மொத்தமே பதினான்கு நொடி. வாத்தியார் ஓர் அடியைப் பாடி நிறுத்துகிறார். மைக்குக்குப் பக்கத்திலிருந்து ஒரு வயசான ஆத்தாவின் குரல், "அப்படியில்லீங்க சாமி, எங்கம்மா பாடறது வேற" என்று சொல்லி, அதே மெட்டில் வேறு சொற்களைப் போட்டுப் பாடத் தொடங்குகிறது. மூன்று சொல்லுக்கு மேல் இல்லை. குரல் தணிந்ததும் மெஷின் மூடிவிட்டது. 32-ல் வாத்தியார் சிரிப்பது மட்டும் இருக்கிறது.

அந்த ஆத்தா யார், எந்தத் தெரு என்று விசாரித்து வையுங்கள். குளத்தங்கரைப் பக்கம் வீடாக இருந்தால் காலையில் போவோம், தறி ஓட ஆரம்பிக்கும் முன்னால்.

அன்புடன்,
சோமனூர் பழைய கேசட் கடைக்காரன்